அக்கரைக்கு ஒரு வாக்கியம்

"ஒரே ஒரு வாக்கியம் மாஸ்டர்ஜி. சொல்லிட்டு உடனே மைக்கைக் குடுத்துடறேன்."

"அட போங்க பாய்! வருஷா வருஷம் கூப்பிட்டேன், இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுத்ததில்லை. இன்னிக்கு மட்டும் என்ன மைக் ஆசை?"

சஃப்தர் மாஸ்டர் எரிந்து விழுந்தார். காஷ்மீர் ஒருமைப்பாட்டு நாள் ஏற்பாடெல்லாம் அவர் தலையில்தான். நீலம் ஆற்றங்கரைப் பனியில் ஊரே கைகோத்து நின்றது. இந்தக் கரை பாகிஸ்தான், எதிர்க்கரை இந்தியா. நடுவில் ஆறு மட்டும்தான். இரு கரையிலும் காவல் அரண்களில் துப்பாக்கிகள்.

"உன் குரல் உன் மீசைக்கே கேக்காதே குல்ஃபராஸ், மைக் பாவம்யா!" என்று வரிசையில் ஒருவன் கிண்டலடித்தான். நாலு பேர் சிரித்தார்கள்.

குல்ஃபராஸ் சிரிக்கவில்லை. சண்டை நடந்த காலத்தில் ஓர் இரவு அக்கரையிலிருந்து ஆற்றை நீந்தி வந்தவர் அவர். குண்டுச் சிதறல் தொண்டையைக் கிழித்ததில் குரல் போய், பேச்சு வெறும் காற்றாக வரும். அங்கே யாரை விட்டுவிட்டு வந்தார் என்று அவர் சொன்னதில்லை.

"என்ன வாக்கியம்? முதல்ல எங்கிட்ட சொல்லுங்க."

"சொன்னா நாலு பேர் காதுக்குப் போகும். அந்தப் பக்கம் இருக்கறவங்களை முன்னாடியே கூப்பிட்டு விசாரிச்சுத் தடுத்துடுவாங்க."

"ஏடாகூடமா ஏதாவது பேசி, அங்கேருந்து சுட்டாங்கன்னா? பிள்ளைகுட்டியோட நிக்கறாங்க பாய்!"

"சுடற மாதிரி வார்த்தை இல்லை மாஸ்டர்ஜி. அல்லா மேல ஆணை."

அதற்குள் சைரன் ஒலித்தது. ஒரு நிமிட மௌனம். கூட்டம் அப்படியே உறைந்தது. குளிர்காலத்தில் ஆறு வற்றிக் கிடந்ததால் இரைச்சல்கூட அதிகமில்லை.

அப்போதுதான் சஃப்தர் எதிர்க்கரையைப் பார்த்தார். அங்கேயும் ஒரு கூட்டம் வந்து நின்றிருந்தது. அவர்களும் மூச்சுக் காட்டவில்லை. நடுவில் கால் தளர்ந்த யாரையோ இரண்டு பெண்கள் இரு பக்கமும் தாங்கிப் பிடித்திருந்தார்கள். ஒருத்தி துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள்.

"யாரோ மவுத்தாயிட்டாங்க போல" என்று பின்னால் ஒரு பெண் முணுமுணுத்தாள்.

சஃப்தருக்கு உடம்பு சிலிர்த்தது. நம் வரிசையைப் பார்த்தபடியே துக்கம் காக்கிறார்களா?

மௌனம் முடிந்ததும் அவர் பேச வேண்டும். ஒரு மாதமாக மனப்பாடம் செய்த பேச்சு. குல்ஃபராஸ் மைக்கின் முன்னால் வந்து நின்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு மாஸ்டருக்குத் தடுக்க மனம் வரவில்லை. ஒலிபெருக்கியின் சத்தத்தைத் தானே முழுதாகக் கூட்டி வைத்தார்.

அந்தக் காற்றுக் குரல் மலையெல்லாம் எதிரொலித்தது.

"நான் குல்ஃபராஸ். என் ஒரே மகள் ஹாஜராவை, அவளைப் பெத்த தகப்பன் நான், இஷ்ஃபாக்குக்கு நிக்காஹ் செஞ்சு குடுக்கறேன்."

எதிர்க்கரையில் ஓர் இளைஞன் தண்ணீர் விளிம்புவரை ஓடி வந்து, "ஏத்துக்கிட்டேன்! ஏத்துக்கிட்டேன்! ஏத்துக்கிட்டேன்!" என்று கத்தினான்; பெண்கள் தாங்கிப் பிடித்திருந்தவள் முகத்திரையைத் தானே விலக்கி, பிறந்ததிலிருந்து பார்த்திராத தகப்பனுக்குத் தன் கல்யாண முகத்தைக் காட்டினாள்.