உள்ளங்கைக் கல்

சேலத்து வெள்ளிக்கடைக் கண்ணாடி மேசையைத் தனசேகரின் விரல்கள் தட்டிக்கொண்டே இருக்கின்றன. மூன்று மணிக்கு நாமகிரிப்பேட்டையில் பெண் பார்க்கப் போக வேண்டும். முப்பத்தேழு வயதில் இது பதினான்காவது வீடு. வீடு தட்டிப்போகும்போதெல்லாம் ஏதாவதொரு ஜோசியர் ஒரு மோதிரத்தை ஏற்றிவிட, வலது கையில் நான்கு கல் மோதிரங்கள் சேர்ந்துவிட்டன. போன மாதம் பார்த்த பெண் அந்தக் கையைப் பார்த்ததுமே சிரித்துவிட்டாள். இப்போது நான்கும் சட்டைப்பையில் கிடக்கின்றன. போர்வெல் போடும் ரிக் வண்டி வேலையில் வெயிலுக்குக் கறுத்த விரல்களில் அவை இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடக்கிறது. வந்ததும் வராததுமாக இத்தனையையும் கடைப்பெண் கயல்விழியிடம் கொட்டிவிட்டான்.

"ஒரே வெரல்ல மெல்லிசா மூணு அடுக்கிப் போடுங்கண்ணா. இப்ப எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

கல்லில்லாத வெள்ளி வளையங்களை ஆள்காட்டி விரலில் ஏற்றுகிறான், இறக்குகிறான், வரிசையை மாற்றுகிறான். அவை உரசும் சத்தத்தில் பல் கூசுகிறது. கைபேசியில் அம்மா.

"மோதரமெல்லாம் போட்டிருக்கறயா சாமி?"

"போட்டிருக்கேனுங்மா."

"கழட்டீராத சாமி. இந்தத் தடவ கூடி வந்துரும்."

வைத்த கையோடு ஒரு வளையத்தை உருவிவிட்டு, சட்டைப்பையிலிருந்து மஞ்சள் கல் மோதிரத்தை எடுத்து அடியில் ஏற்றிக் கல்லை உள்ளங்கைப் பக்கம் திருப்புகிறான். கும்பிட்டுப் பார்க்கிறான். கல் இரு கைக்கும் நடுவே மறைந்துவிடுகிறது.

"இப்ப ஒண்ணும் தெரியலீங்கல்ல?"

"தெரியலீங்கண்ணா," என்கிறாள் கயல்விழி. "ஆனா, அந்தப் புள்ள காபி கொண்டாந்து குடுத்தா, டம்ளர்ல டிங்குனு இடிக்குமேங்க."

மறுபடி மேசையைத் தட்டத் தொடங்கியிருந்த விரல்கள் அப்படியே நிற்கின்றன.