சொந்தக் கதைக்கு மதிப்பெண் இல்லை

புவியியல் ஆசிரியர் குளித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே விடைத்தாள் கட்டைப் பிரித்தார். நான்காவது கேள்வி: ‘உறங்கும் எரிமலை விழிக்கப்போவதற்கான அறிகுறிகள் யாவை?’

இரண்டாம் தாளிலேயே அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“இந்தக் கூத்தைக் கேளு. ‘எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி ஒரு வாரமா சுடுது’ன்னு எழுதியிருக்கா. பாடத்தைக் கேட்டா சொந்தக் கதை அளக்கிறா!”

“நிஜமா இருந்தா என்னங்க பண்றது?” என்றாள் மனைவி.

ஜன்னலுக்கு வெளியே ஊரின் பழைய எரிமலை, மரம் மூடிப் பச்சைப்பசேலென்று நின்றது.

“அதுவா? பத்தாயிரம் வருஷமா கும்பகர்ணத் தூக்கம். இவ கிள்ளியா எழுந்திருக்கப் போகுது?”

பெரிய பூஜ்யமாகச் சுழித்தார். ‘சொந்தக் கதைக்கு மதிப்பெண் இல்லை’ என்று எழுதி அடிக்கோடும் போட்டார்.

“சரி, வெந்நீர் எப்படி இருந்துச்சு?”

“அருமை! ஹீட்டர் மெக்கானிக் கைராசிக்காரன்.”

“என்ன கைராசி? பச்சைத்தண்ணிக் குழாயிலயும் சுடுதண்ணிதான் ஊத்துது. மாத்தி மாட்டித் தொலைச்சிருக்கான்.”

அந்த நேரம் மெக்கானிக்கே போன் செய்தான். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மா, கோவிச்சுக்காதீங்க. திங்கக்கிழமை சொல்லாமக் கொள்ளாம ஹீட்டர் காயிலைக் கழட்டிட்டு வந்துட்டேன். புதுசு இன்னும் கிடைக்கல. அஞ்சு நாளா பச்சைத்தண்ணியிலயே குளிக்கிறீங்களே, பாவம்...”

துண்டோடு ஆசிரியரின் கை தலையிலேயே நின்றது. குளியலறைக் கதவிடுக்கில் ஆவி இன்னும் வந்துகொண்டிருந்தது.