எத்தனை போட்டீங்க?

ஊசிக்குக் காத்திருக்கிறவர் பேசாமல் இருப்பார், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறவர்தான் சண்டைக்கு வருவார். நீங்கள் கவனித்திருக்கிறீர்களா?

“அத்தான், நான் அன்னிக்கே சொன்னேன். உங்க மெஷினுக்கு வயசாயிடுச்சு. புதுசு வாங்குங்க, பதினாறு த்ரெட் ஓடும்,” என்றான் மச்சினன்.

கீழ்த்தளக் கம்ப்யூட்டர் அறையில் நின்றபடி பெரிய டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மருத்துவமனை அவருடையது. மேலே ஐந்து கவுன்ட்டரிலும் வரிசை வாசல் வரை நின்றது. ஒரு வாரமாக இதே கூத்து. மணி பத்தானால் ஸ்கேன் ரிப்போர்ட் வராது. மச்சினனோ கம்ப்யூட்டர் விற்பவன். வேண்டாம் என்று சொன்னால் வீட்டில் சாப்பாட்டுத் தட்டு சத்தத்தோடு வந்து விழும்.

“புது மெஷினை எங்க கம்பெனியே ஆபீஸ்லேருந்து பாத்துக்கும். இவங்க தேவையில்ல.”

‘இவங்க’ என்று அவன் கை காட்டியது, அந்தக் கீழ்த்தள அறையில் ஒன்பது வருஷமாக ஒண்டியாக வேலை பார்க்கும் கம்ப்யூட்டரம்மாவை. மெஷினுக்கு டாக்டர் கையெழுத்துப் போட்டால் அவளுக்கு வேலை இல்லை.

“நீ என்னம்மா சொல்றே? எனக்குப் புரியற மாதிரி சொல்லு.”

“கவுன்ட்டருக்கும், ரிப்போர்ட் எல்லாம் இருக்கற டேட்டாபேஸுக்கும் நடுவுல ப்ராக்ஸின்னு ஒண்ணு இருக்கு சார். அதுக்குள்ள எட்டு த்ரெட். எட்டு ஆளுங்கன்னு வெச்சுக்குங்க. காலைல ஒவ்வொரு கவுன்ட்டரும் திறக்கும்போது எட்டு கனெக்‌ஷன் போடும். ப்ராக்ஸி அதை ஆளுக்கு ஒண்ணா வரிசையாக் குடுத்துட்டே வரும், கடைசி ஆள் முடிஞ்சதும் மறுபடி முதல் ஆள்லேருந்து. அஞ்சு கவுன்ட்டருக்கு நாப்பது கனெக்‌ஷன். ஆளுக்கு அஞ்சு.”

“சரிசமமாத்தானே இருக்கு?”

“எண்ணிக்கை சமம் சார், சுமை சமமில்ல. முதல் ஏழுல பேரு, வயசுன்னு சில்லறை வேலை. எட்டாவதுலதான் ஸ்கேன் படம் மொத்தமும் வரும். அஞ்சு கவுன்ட்டரோட எட்டாவதும் அந்த எட்டாவது ஆள் தலையிலயே விழுது. அவனுக்கு முழி பிதுங்குது. மத்த ஏழு பேரும் கொட்டாவி விடறாங்க.”

“நம்ம ஆஸ்பத்திரியப் பத்தித்தானே சொல்றே?” என்றார் டாக்டர்.

“அதைத்தான் நானும் சொல்றேன்,” என்று குறுக்கே விழுந்தான் மச்சினன். “ஆள் பத்தல.”

“த்ரெட் எண்ணை மாத்தினாப் போதும் சார். இதே மெஷின்ல,” என்றாள் அவள்.

“தாராளமா மாத்துங்க. சரியாயிட்டா நான் சொன்னதுதான் சரின்னு ஆச்சு. அப்புறம் அத்தான் கையெழுத்துப் போட்டே ஆகணும்.”

டாக்டர் வேறு வழியில்லாமல் தலையாட்டினார். பாவம், தன் சீட்டைத் தானே கிழித்துக்கொள்கிறாளே என்று இருந்தது அவருக்கு.

அவள் திரும்பி ஏதோ ஒரு எண்ணைத் தட்டினாள். “கவுன்ட்டர் எல்லாத்தையும் மூடிட்டு, ஒண்ணு ஒண்ணாத் திறக்கச் சொல்லுங்க சார்.”

இருவரும் மேலே போனார்கள். பத்தே நிமிஷம். வாசலில் நின்ற வரிசை கூடத்துக்குள் வந்தது, கூடத்தில் நின்றது கரைந்தே போனது. ஒரு மணி நேரமாக மேசையைத் தட்டிக்கொண்டிருந்த மீசைக்காரர் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, திட்டக் காரணம் கிடைக்காமல் சும்மா போனார்.

மச்சினன் கீழே ஓடி வந்தான், பின்னாலேயே டாக்டரும். “எத்தனை போட்டீங்க? பதினாறா?”

“நாளைக்குக் காலைக் கூட்டத்தையும் தாங்குதான்னு பாத்துட்டுச் சொல்றேன் சார்.”

“ஒத்துக்க மனசு வரல போல.”

“அப்ப நீங்களே எழுதிக் குடுத்துடுங்களேன். பைல்ல வெச்சிடறேன்.”

கம்பெனித் தாளிலேயே எழுதினான். ‘என் ஆலோசனைப்படி த்ரெட்களின் எண்ணிக்கை கூட்டப்பட்டதால் கோளாறு நீங்கியது. எனவே பெரிய மெஷின் அவசியம்.’ கீழே நீட்டி நெளித்து ஒரு கையெழுத்து. டாக்டர் பக்கம் பேனாவை நீட்டினான்.

“காலைல போடறேன் மாப்ளே,” என்றார் டாக்டர். ஒரு ராத்திரியாவது அவளுக்கு வேலை இருக்கட்டும் என்று நினைத்தார்.

மறுநாள் காலை கூட்டம் வந்தது. ரிப்போர்ட்டும் வந்தது. பத்தரை மணிக்குப் பெரிய டாக்டர் கடிதத்தோடு கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்து, “எத்தனைம்மா போட்டே?” என்று கேட்டார்.

“ஒரு ஆளைக் குறைச்சேன் சார். ஏழு பேர்தான்னா, முதல் கவுன்ட்டரோட எட்டாவது சுத்தி முதல் ஆள்கிட்ட வரும், அடுத்த கவுன்ட்டரோடது ரெண்டாவது ஆள்கிட்ட; இப்படி ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆள்கிட்ட போயிடும். பதினாறு போட்டிருந்தா ரெண்டு பேர் முழி பிதுங்க, பதினாலு பேர் கொட்டாவி விட்டிருப்பாங்க.”

டாக்டர் திரையைப் பார்த்தார். ஏழு என்றுதான் இருந்தது. கடிதத்தில் ‘கூட்டப்பட்டதால்’ என்ற சொல்லை அடித்து, ‘குறைக்கப்பட்டதால்’ என்று எழுதி, மெஷின் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டார்.