கீழே தொங்க வேண்டிய ரீல்

அக்டோபர் பதினொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை மாலை, ஏரிச் சாலையின் கடைசியில் இருக்கும் மீன்பிடிச் சாமான் கடையில், மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடும் ஒருவர் தன் வாழ்நாளின் முதல் தூண்டில் கம்பை வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அது இருபது வருடம் பழகிய கம்பாகத் தெரிய வேண்டும்.

எல்லாம் அவர் வாயால் வந்த வினை.

போன வாரம், மகள் தான் கட்டிக்கொள்ளப் போகிறவனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை அளவு பார்க்கிறவன். பேச்சு ஓடவில்லை. மின்விசிறிதான் பேசிக்கொண்டிருந்தது. பையன் அறையைச் சுற்றிப் பார்த்தான். சுவரில் மருந்துக்கடை கொடுத்த காலண்டர். அதில் ஓர் ஏரி.

"லீவு நாள்ல நான் மீன் பிடிக்கப் போவேன் சார்" என்றான்.

"அட, நானும்தான் தம்பி. இருபது வருஷமா" என்றார் இவர்.

மகள் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பேச்சு பிய்த்துக்கொண்டு ஓடியது. எழுந்திருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து ஏரிக்குப் போவதாக முடிவாகியிருந்தது.

அவரால் பின்வாங்க முடியாது. நாலு வருடத்துக்கு முன் அதே நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். அவன் சம்பளத்தைக் கிண்டல் செய்தார், நடையைக் கிண்டல் செய்தார். அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான். மகள் ஒரு வருடம் அப்பாவோடு பேசவில்லை. இந்த முறை முன்கூட்டியே சொல்லிவிட்டாள்: "இவரையும் விரட்டினீங்கன்னா, நானும் பின்னாடியே போயிடுவேன்ப்பா."

கடைக்காரம்மா நாலைந்து கம்புகளை மேஜைமேல் பரப்பினாள்.

"என்ன மீனுக்குண்ணே?"

"கெண்டைக்கு."

"எத்தனை வருஷப் பழக்கம்?"

அவர் ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "இதுவரைக்கும் மீனைத் தட்டுல மட்டும்தான்மா பார்த்திருக்கேன்."

அவள் சிரித்துக்கொண்டே விலை கூடின மூன்றை எடுத்து உள்ளே வைத்தாள். அவர் ஆசையாகத் தடவிக்கொண்டிருந்த கார்பன் கம்பையும் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "இது கார் கதவுல மாட்டினா ஒடைஞ்சிடும். கண்ணாடி இழைன்னா தாங்கும். மொத வருஷம் கம்பு மீன்கிட்ட மாட்டறதைவிடக் கதவுல மாட்டறதுதான் அதிகம்."

கடைசியில் மிஞ்சியது ஒரு செட். ஆறரை அடிக் கம்பு, ரொம்ப விறைப்பும் இல்லை, ரொம்பத் துவளவும் இல்லை. கூடவே கைக்கடக்கமான ரீல், நைலான் நரம்பு சுற்றியே வரும். கடையில் இருப்பதிலேயே மலிவு.

"ஒண்ணே ஒண்ணு மறந்துடாதீங்கண்ணே. ரீல் கம்புக்குக் கீழ தொங்கணும். மேல வச்சுப் பிடிச்சீங்க, நீங்க புதுசுன்னு ஏரிக்கே தெரிஞ்சிடும்."

சனிக்கிழமை அவர் அதைப் பழசாக்கினார். அது அவருக்குக் கைவந்த வேலை. போன மாதம் செய்த நாற்காலியைப் பாட்டன் காலத்து நாற்காலியாக்கி விற்கும் கடையில்தான் அவருக்குச் சம்பளம். தக்கைப் பிடியில் டீத்தண்ணீர், அதன்மேல் துளி மெழுகுவர்த்திக் கரி, பிறகு உப்புத்தாள். உள்ளங்கை படுகிற இடத்தில் மட்டும். மற்ற இடத்தைத் தொடவே இல்லை. எந்தப் பொருளும் கை படுகிற இடத்தில்தான் பழசாகிறது.

ஞாயிற்றுக்கிழமை அவர் போனபோது பையன் ஏற்கெனவே கரையில் நின்றிருந்தான். துணியுறையின் முடிச்சை அவிழ்த்துக் கம்பை வெளியே எடுத்தான்.

அதே ஆறரை அடி. அதே ரீல்.

தக்கைப் பிடி முழுக்க ஒரே பழுப்பு. கையே போகாத அடிமுனைகூடப் பழுப்பு. காற்று இந்தப் பக்கம் திரும்பியபோது லேசாக டீ மணம் வந்தது.

பையன் ரீல் மேலே இருக்கும்படி கம்பைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்து நிமிர்ந்து நின்றான்.

ஒரு வாரமாக இருந்த பயம் பாலிஷ்காரருக்குச் சட்டென்று இறங்கியது. அந்த இடத்தில் ஒரு கிண்டல் ஏறி நாக்கு நுனிவரை வந்து நின்றது. அருமையான கிண்டல்.

அதை விழுங்கிக்கொண்டார்.

அதற்குள் பையன் அவர் கையைப் பார்த்துவிட்டான். அங்கே ரீல் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அவன் தன்னுடையதைப் பார்த்தான். மறுபடி அவருடையதைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"சார், அது வந்து... நான்..."

பாலிஷ்காரர் தன் கம்பை மெல்லப் புரட்டினார். ரீல் மேலே வந்தது.

"என்ன பார்த்துக்கிட்டே நிக்கறீங்க? வீசுங்க மாப்பிள்ளை" என்றார்.

பையனின் தோள்கள் இறங்கின.

"சரிங்க மாமா."

மதியம்வரை இருவரும் தலைகீழாக நின்ற ரீலின் கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்றினார்கள். எதிர்க்கரையில் நின்ற ஒருவர் கைபேசியில் படம் எடுத்தார். மீன் எதுவும் சிக்கவில்லை.

டிசம்பரில் கல்யாணம் நடந்தது.