ஓவியாவின் அளவு

சாம்பல் குளத்தோரக் குடியிருப்பில் இரட்டைப் பிள்ளை பிறந்தால், ஒன்றைச் சுத்தக்காற்று நகரத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். ஒன்றாவது நன்றாக இருக்கட்டும் என்று தேசம்மாளும் கொடுத்தாள். பாயில் சுவரோரம் கிடந்தவள் ஓவியா. கைக்குக் கிட்டே கிடந்த காவியாவைத் தூக்கிக் கொடுத்துவிட்டுத் தேசம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டே ஓவியா வளர்ந்தாள்.

கொடுத்த பிள்ளையைப் பன்னிரண்டு வயதில் ஒரே ஒரு நாள் பெற்றவளைப் பார்க்க அனுப்புவார்கள். அந்த நாளுக்காகத் தேசம்மாள் இருவருக்கும் ஒரே துணியில் பாவாடை தைத்தாள். காவியாவின் அளவு தெரியாதே என்று அவள் கவலைப்படவில்லை. ஒரே கரு பிரிந்து பிறந்த பிள்ளைகள்தானே! ஓவியாவுக்கு டேப் வைத்து இரண்டையும் வெட்டினாள்.

காவியா வந்தாள். அதே கண், அதே தெற்றுப்பல். ஆனால் ஓவியாவின் தலை அவள் தோளுக்குத்தான் எட்டியது. பாவாடை முழங்காலோடு நின்றுவிட்டது.

“பரவால்லம்மா, அழகா இருக்கு,” என்று காவியா அதைக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள்.

தேசம்மாள் இருவருக்கும் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டாள். சுவரில் சாய்ந்து நின்றபடி இருவரும் வாய் ஓயாமல் பேசிச் சிரித்தார்கள். சாயங்காலம் வண்டி வந்து காவியாவை அழைத்துப்போனது.

சுவரில் இரண்டு எண்ணெய்க் கறைகள் மிஞ்சின. ஓவியா அங்கே போய் நின்று, மேலே இருந்த கறைக்குத் தலையைக் கொண்டுபோக இருமிக்கொண்டே எக்கினாள். எட்டவில்லை.

“யம்மா,” என்றாள் மெதுவாக. “அன்னிக்கு நான் உன் கைக்கிட்ட படுத்துனு இருந்தா, என்னியதான தூக்கிக் குடுத்திருப்ப?”