சுவரில் தொங்கிய கேணல்

இப்பத்தைய சனத்துக்கு வீட்டுச் சுவரில் யாருடைய படத்தைக் கொழுவுவது என்ற விவஸ்தையே இல்லை.

சாமியைக் கொழுவு. செத்துப்போன தாய் தகப்பனைக் கொழுவு. வேறு ஆருக்கு அங்கே என்ன வேலை?

அருள்நாயகத்துக்கு அதுதான் தெரிந்த வழக்கம். அதனால்தான் கனடாவின் மார்க்கம் நகரில், மகள் நிலாணி தானே தேடிக்கொண்ட மாப்பிள்ளையின் வீட்டுக்குள் நுழைந்ததும், ஹோலில் பெரிதாய்த் தொங்கிய தாடிக்காரரைப் பார்த்துக் கும்பிட்டார். சம்பந்தம் பேச வந்த இடத்தில் அந்த வீட்டு மூத்தவருக்கு ஒரு மரியாதை.

"உவர் ஆர் தம்பி, உங்கடை பூட்டனோ?"

மாப்பிள்ளை மிதுனன் சிரித்துவிட்டான். "இல்லை அங்கிள். அமெரிக்கன் ஆர்மி கேணல். செத்து நூறு வருசத்துக்கு மேலை. யூனிவேர்சிற்றியிலை இவரைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்யிறன்."

கூப்பிய கை அப்படியே நின்றது.

"ஆமிக்காரனையோ கும்பிட்டனான்?"

கூட வந்த நிலாணி தரையைப் பார்த்தாள். தகப்பன் ஓம் என்றால் தையில் கலியாணம்.

மிதுனன் அவசரமாக விளக்கினான். பதினெட்டு வயதில் படைக்குப் போனவர். அடிமைகளை விடுவிக்க நடந்த சண்டையில் ஒரு கையை இழந்தவர். பிறகு மேற்கே போய், அந்த மண்ணின் பூர்வகுடிகளைத் துரத்திப் பிடித்து அடைத்தவர். பதக்கம், பதவி உயர்வு, பென்சன்.

அருள்நாயகத்துக்குத் தலை சுற்றியது. ஒரு சனத்தை அவிழ்த்துவிட்ட அதே ஆளா இன்னொரு சனத்தைக் கட்டினது?

"ஆள் நல்லவனோ கெட்டவனோ? ஒண்டைச் சொல்லு."

"ரெண்டும்தான் அங்கிள். வெள்ளைக்கொடியோடை வந்த ஒரு கூட்டத்தை, ஒண்டும் செய்யமாட்டம் எண்டு வாக்குக் குடுத்துக் கூட்டிக்கொண்டு போனவர்."

"போன சனம் எங்கை?"

"ஒருத்தருக்கும் தெரியாது. அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறன்."

அருள்நாயகம் அவனை அப்போதுதான் உற்றுப் பார்த்தார்.

இலங்கையில், ஊரில் சண்டை முடிந்த அன்று, அவருடைய மூத்த மகன் சரணடைந்து, கையை உயர்த்திக்கொண்டு ஆமியின் பஸ்ஸில் ஏறினான்; திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு, தேடிக்கொண்டிருக்கிறோம் என்று அவரிடம் சொன்னவர்கள் எத்தனையோ பேர். எல்லாரும் இப்படி முகத்துக்கு நேரே பார்த்துத்தான் சொன்னார்கள்.

மிதுனனின் தாய் பாலேஸ்வரி தேத்தண்ணியோடு வந்தபோது, அவர் வாசலில் சப்பாத்துக்குள் காலை விட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஒண்டும் சொல்லாமல் போறியள்?"

"போன சனத்தை முதல் அவன் கண்டுபிடிக்கட்டும். கலியாணத்தைப் பிறகு பாப்பம்."

திரும்பிப் பாராமல் பஸ் தரிப்பிடம் பக்கம் நடந்தார்.