குழாயடியில் ஒரு வினைச்சொல்

“‘டைடி’ ஒரு வினைச்சொல். கலைஞ்சு கிடக்கிறதை ஒழுங்குபடுத்துறதுன்னு அர்த்தம். எங்கே, ஆளுக்கொரு வாக்கியம் சொல்லுங்க பார்ப்போம்!”

காலேஜுக்கு லீவு விட்ட முதல் நாளே, ராயபுரத்தில் தன் வீட்டு வாசலில் தெருப் பிள்ளைகளைச் சேர்த்து இலவச இங்கிலீஷ் வகுப்பு தொடங்கிவிட்டாள் ஃப்ளோரா. பி.ஏ. இரண்டாம் வருஷம். அந்தத் தெருவிலேயே காலேஜ் போகும் ஒரே பெண்.

“போலீஸ் டைடி மை நைனா” என்றான் கஸ்பார்.

“ஆளை டைடி பண்ணக் கூடாதுடா. இடத்தைத்தான் பண்ணணும்.”

“எங்க நைனா படுத்துகினா வூடு பூரா அவருதான்க்கா. அவரை நவுத்தினாத்தானே இடம்?”

வாக்கியம் போதும், செய்தே காட்டிவிடலாம் என்று எழுந்தாள் ஃப்ளோரா.

எதிரே கார்ப்பரேஷன் குழாய். அதன் முன்னால் நீளமாக ஒரு வரிசை. செங்கல், டால்டா டின், கொட்டாங்கச்சி, உடைந்த பானை வாய், ஒற்றைச் செருப்பு.

“இதெல்லாம் எடுத்துச் சுவர் ஓரமா அழகா அடுக்குங்க.”

“ஐயோ அக்கா! அது தண்ணிக்கு இடம் போட்டது. காலையிலேயே வச்சிட்டுப் போயிருக்காங்க.”

“தெரியும். மனுஷங்க நிக்க வேண்டிய இடத்துல செருப்பு நிக்கிறதா ஒழுங்கு? தண்ணி வேணும்னா ஆள் வந்து நிக்கட்டும்.”

பிள்ளைகள் குஷியாக அடுக்கினார்கள். செங்கல்லுக்கு மேல் டின், டின்னுக்கு மேல் கொட்டாங்கச்சி. உச்சியில் செருப்பு. பார்க்க ஒரு கோபுரம் போலவே இருந்தது.

“வீ டைடி தி டாப்!” என்று எல்லோரும் கத்தி முடிக்கவும் குழாய் உஸ்ஸென்று மூச்சு விடவும் சரியாக இருந்தது.

குடங்களோடு தெருவே ஓடி வந்தது.

“எந்தப் பேமானி கல்லைக் கலைச்சது?” என்று கேட்டபடி முன்னால் வந்தவள் மீன்காரி குப்பம்மா. காசிமேட்டிலிருந்து திரும்பிய கூடை இன்னும் தலையில் இருந்தது.

“நான்தான்” என்றாள் ஃப்ளோரா.

குப்பம்மாவின் சுருதி சட்டென்று இறங்கியது. “நீயா கண்ணு? படிக்கிற பொண்ணு, உனக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?”

“என் செங்கல்தான் மொதல்ல இருந்திச்சு” என்றாள் மங்கை.

“உன்துக்கு முன்னாடி என் பானை வாய் கீது” என்றாள் இன்னொருத்தி. கடைசி இடம் யாருடையது என்று கேட்டால், அப்படி ஒரு இடமே இருந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிடையரான தவசிமுத்து குறுக்கே வந்தார். “கூவாதீங்க! அவங்கவங்க சாமானை அவங்கவங்க எடுங்க. அப்பால வரிசையைப் பார்த்துக்கலாம்.”

எடுத்தார்கள். எல்லோரும் எடுத்த பிறகும் சில சாமான்கள் மிஞ்சின. சொந்தம் கொண்டாட ஆளில்லை.

குப்பம்மா தன் செங்கல்லோடு அவற்றையும் வாரி மீன்கூடையில் போட்டுக்கொண்டாள். “எல்லாம் என்துதான். இப்போ இன்னான்றே?”

“அடிப்பாவி!” மங்கை அலறினாள். “ஒருத்திக்கு இத்தினி இடமா? வூட்ல ஆனையா வளக்கிறே?”

“ஆமா, ஆனைதான். வெள்ளிக்கெளமைன்னா தலை முழுக்காட்டணும். வந்து முதுகு தேய்ச்சு வுடறியா?”

கூட்டம் சிரித்தது. ஃப்ளோரா சிரிக்கவில்லை. இவ்வளவு நாளாக இத்தனை பேரின் கண்ணில் மண்ணைத் தூவிக்கொண்டு இப்படி ஒரு அக்கிரமமா?

“யாருக்கு இத்தனை இடம்? சொல்லுங்க குப்பம்மாக்கா.”

குப்பம்மா ஃப்ளோராவின் முகத்தைப் பார்த்தாள்.

“அது உனக்கு வாணாம் கண்ணு.”

“இவளை இனிமே குழாய்ப் பக்கமே வுடக் கூடாது” என்றாள் மங்கை.

“வேண்டாம், பாவம்” என்று பெருந்தன்மையோடு தீர்ப்புச் சொன்னாள் ஃப்ளோரா. “ஆனா ஒரு ஆளுக்கு ஒரு இடம்தான். இன்னைக்கு இவங்க கடைசி.”

தவசிமுத்து கையைத் தட்டினார். பிள்ளைகளும் தட்டினார்கள். தெரு முதன்முறையாகக் கல் இல்லாமல், மனிதர்களால் ஆன வரிசையில் நின்றது. குப்பம்மாவின் முறை வந்தபோது குழாய் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது.

காலிக் குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பினாள் குப்பம்மா. “போவட்டும் கண்ணு. நீ நல்லாப் படி.”

ஃப்ளோரா தலை நிமிர்ந்து வீட்டுக்குள் வந்தாள். பின்னாலேயே, வெளியே போயிருந்த அம்மா லூர்து முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள்.

“அம்மா, இன்னைக்கு இந்தத் தெருவையே ஒழுங்கு பண்ணிட்டேன்! ஸ்ட்ராங்கா ஒரு காபி போடேன்.”

“எதுல போட? அண்டாவைப் பாரு.”

அண்டா காலி.

“ஏம்மா, இன்னைக்கு நீ தண்ணி பிடிக்கலையா?”

“நானா? இந்த முட்டியை வச்சிகினா? புள்ளை பெத்துப் படுத்துகினு கீற மல்லிகா வூட்லேர்ந்துதான் வர்றேன். அங்கேயும் சொட்டுத் தண்ணி இல்ல. குழாயடியில நடந்ததை வழியில மங்கை சொன்னா. நீ காலேஜ்லேர்ந்து வர்றதுக்குள்ள தினமும் அண்டா தானா ரொம்புதுன்னா நெனச்சே?”

“அப்போ யாரும்மா நிரப்பினது?”

“‘படிக்கிற பொண்ணு தெருவுல கொடத்தைத் தூக்கிகினு நிக்கக் கூடாது, அதுக்குத் தெரியவும் கூடாது’ன்னு தினமும் நமக்கும், இப்போ மல்லிகாவுக்கும் சேர்த்து இடம் போட்டுத் தண்ணி கொணாந்து ஊத்துனவளைத்தான்டி, நீ இன்னைக்குக் கடைசியில நிக்க வச்சிட்டு வந்திருக்கே!”